குளவி கட்டிய கொக்கி

மாப்பிள்ளை மேல் கோபமாக இருப்பவர்கள் இந்த வாரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். போன வாரம் நடந்ததை நாம் எல்லோரும் சமையலறைப் படியில் நின்று பார்த்தோம். கறுப்பி பாலத்து வளைவில் தடம் புரண்டாள். மீன் குட்டைக்குள் தலைகுப்புற விழுந்தாள். கன்ட்ரோல் பெட்டி மாப்பிள்ளை கையில் இருந்தது. நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டீச்சருக்கு இன்னும் கொஞ்சம் தெரியும்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கறுப்பி என்பது முழங்கை நீளத்துக்கு ஓர் எஞ்சின். செயற்கைப் பல் கட்டித் தரும் ஒரு மனிதர், தொழிலுக்கு வைத்திருந்த சின்ன அரங்களையும் இடுக்கிகளையும் கொண்டே, பித்தளைத் தகட்டில் பல வருஷம் குனிந்து உட்கார்ந்து செய்தது. அக்கம்பக்கத்தில் அவரைப் பல்காரர் என்பார்கள். அவர் வீட்டுப் பின்புறம் தோட்டம் சரிவாக இறங்கும். அந்தச் சரிவு முழுக்கத் தண்டவாளம். சமையலறைப் படிக்கு எதிரே ஸ்டேஷன். துணி காயப்போடும் கொடிக்குக் கீழே மீன் குட்டை, அதன் மேல் பாலம். அதைத் தாண்டிப் புதர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கினால் பின்மதில் ஓரம் ஒரு குகை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ரயில் ஓடும்.

பல்காரரின் மனைவியை எல்லோரும், பல்காரர்கூட, டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். பொய் சொல்லும் பிள்ளையை அவர் அதட்டியதே இல்லை. எதிரில் நிறுத்தி, "சொல்லு" என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மாவை எந்தப் பிள்ளையாலும் தாங்க முடிந்ததில்லை. ஒரு தடவை ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, பழியைப் பக்கத்துப் பையன் மேல் போக விட்ட ஓர் ஒல்லிப் பயலை மொத்த வகுப்புக்கும் முன்னால் அப்படி நிறுத்தினார். அவன் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான். "உடைச்சது பரவாயில்ல. இன்னொருத்தன் திட்டு வாங்கறப்ப வேடிக்கை பாத்துட்டு நின்னே பாரு, அதுதான் தப்பு" என்றார் டீச்சர்.

அந்தப் பயலுக்கு அப்போது ஊசி என்று பட்டப்பெயர். வளர்ந்தும் உடம்பு வைக்கவில்லை, பெயரும் போகவில்லை. இப்போது ஆம்புலன்ஸில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளன். அந்த ஆம்புலன்ஸை ஓட்டுபவர் நம் மாப்பிள்ளை, பல்காரர் மகளைக் கட்டியவர். போன ஞாயிறு ரயில் பார்க்க வந்த விருந்தாளிகளில் ஊசியும், அதே ஆம்புலன்ஸ் நிலையத்தில் வேலை பார்க்கும் வேறு சிலரும் இருந்தார்கள்.

எஞ்சின் குட்டையில் விழுந்ததும் மாப்பிள்ளை சொன்னது ஒன்றே ஒன்று. "ஏதோ தட்டுச்சு மாமா."

"டீச்சர் பாதையைப் பாத்து வளையம் குடுத்துட்டா. பாதையில என்ன இருக்கப் போகுது?" என்றார் பல்காரர். தண்ணீர் சொட்டச் சொட்டக் கறுப்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "நோயாளியை ஏத்திட்டுப் போறப்பவும் இந்த லட்சணம்தானா மாப்பிள்ளை?"

கூட வேலை பார்ப்பவர்கள் தலையைக் குனிந்து அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை கன்ட்ரோல் பெட்டியை ஸ்டேஷன் பலகையில் வைத்துவிட்டுப் போனவர்தான். ஒரு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை.

அந்த வளையத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒற்றைத் தண்டவாளத்தில் வளையம் கைக்கு வராமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பது பெரிய ரயிலின் பழைய வழக்கம். பல்காரர் அதைத் தன் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். குகைக்கு அப்பால், மதிலில் ஒரு கொக்கி. அதில் ஒரு பித்தளை வளையம். ரயில் ஓடுவதற்கு முன் டீச்சர் பாதை நெடுக நடந்து, இலை, கல், நத்தை எதுவும் தண்டவாளத்தில் இல்லை என்று பார்த்து, கடைசியில் இருக்கும் கொக்கியிலிருந்து வளையத்தை எடுத்து வந்து ஓட்டுபவர் கையில் கொடுக்க வேண்டும். வளையம் வந்தால் பாதை சுத்தம் என்று அர்த்தம். ஓட்டம் முடிந்ததும் அவரே நடந்து போய்த் திரும்ப மாட்ட வேண்டும். கீழ்ப் பாதித் தோட்டம் டீச்சர் ராஜ்ஜியம் என்று எப்போதோ பிரித்துக்கொண்டதால் பல்காரர் அந்தப் பக்கம் இறங்குவதே இல்லை.

டீச்சரும்தான் இறங்குவதில்லை. மழைக்கு முன்னாலிருந்தே.

சரிவில் இறங்கக் கற்படிகள் உண்டு. அவை முழங்காலில் ஆணி அடிப்பது போல வலித்தன. முதல் ஞாயிறு, அடுத்த வாரம் மாட்டிக்கொள்ளலாம் என்று வளையத்தை ஏப்ரன் பையிலேயே போட்டுக்கொண்டார். அடுத்த வாரம், ஏற்கெனவே பையில் இருப்பதை எடுத்துக் கொடுக்க எவ்வளவு நேரம்? சமையலறைக்குள் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, நடந்து வந்தவர் போல மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். மூச்சு வாங்கிக்கொண்டு என்பதை இப்போது நினைத்தால் அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

போன ஞாயிறு அந்தப் பைக்குள் இன்னொரு பொருளும் சேர்ந்தது. எல்லோரும் கறுப்பியைச் சுற்றி நின்றபோது டீச்சர் பாலத்தடியில் ஒரு துணி கிளிப்பைப் பார்த்தார். கொடியிலிருந்து காற்றில் விழுந்தது. அவரே காலையில் மாட்டியது. பாதியாக நசுங்கி, சக்கரம் ஏறிய பள்ளம் பளிச்சென்று தெரிந்தது. பாலம் வரைக்கும் நடந்திருந்தால்கூடக் கண்ணில் பட்டிருக்கும். குனிந்து எடுத்தார். எடுத்துக் காட்டியிருக்கலாம். பையில் போட்டுக்கொண்டார்.

*

இந்த ஞாயிறு ரயில் இல்லை. ஆனாலும் பல்காரர் காலையிலேயே பாலத்தருகே சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடி. தண்டவாளத்தின் ஒவ்வொரு இணைப்பையும் அடியில் கண்ணாடி விட்டுப் பார்த்தார்.

டீச்சர் டீ கொண்டுபோனார்.

"பாலத்துல ஒரு குத்தமும் இல்ல" என்றார் பல்காரர், நிமிராமல். "வளைவும் அப்படியே இருக்கு. நூல் பிடிச்ச மாதிரி இருக்கு."

"அதான் பாத்தாச்சில்ல, உள்ள வாங்க."

"ம்ஹூம். குகை வரைக்கும் பாத்துடப் போறேன். மொத்தப் பாதையிலயும் குத்தமில்லேன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் யாரும் ஏதோ தட்டுச்சுன்னு கதை விட முடியாதே."

டீச்சரின் கை தானாக ஏப்ரன் பைக்குப் போனது.

"கீழ நான் பாத்துக்கறேன். அது என் பக்கம்."

"உன் பக்கத்துல என்ன இருக்கப் போகுது? வாரா வாரம் தண்டவாளத்தைக் கண்ணாடியா வெச்சிருக்கே. இந்தப் பாலத்துப் பக்கம் நான் தேய்க்கறது கறுத்துப் போயிடுது, கீழேயிருந்து வர்ற வண்டிச் சக்கரம் மட்டும் பளபளன்னு வருது. எப்படித்தான் பண்றியோ."

இந்தப் பாராட்டு அவருக்குப் புதிதல்ல. கீழே தண்டவாளம் எப்படிச் சுத்தமாக இருக்கிறது என்பது டீச்சருக்கே விளங்காத விஷயம். இந்த வருஷம் இலை அதிகம் கொட்டவில்லை போலும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லி, பாராட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

"உன் கையால வளையம் வந்தா நான் கண்ணை மூடிட்டு வண்டியை எடுப்பேன் டீச்சர். அவ்ளோ நம்பிக்கை" என்று சொல்லி டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

வாங்கிக்கொண்டார். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த இணைப்புக்கு நகர்ந்துவிட்டார். பின்கழுத்தில் வியர்வை ஓடுகிற மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லலாம். பிள்ளைகள் வீட்டுப் பாடத்துக்குச் சொல்லும் சாக்கு இதைவிட நன்றாக இருக்கும் என்று அவருக்கே தோன்றியது.

*

மகள் வந்தபோது டீச்சர் சமையலறையில் கத்தியை வைத்துக்கொண்டு காய் எதுவும் இல்லாத பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை வரல?"

"வெளில வண்டியில இருக்கார். உள்ள வரமாட்டேங்கறார். தொப்பியும் மழைக்கோட்டும் இங்க விட்டுட்டாராம், எடுத்துட்டு வரச் சொன்னார்." மகள் உட்காரவில்லை. கதவு நிலையிலேயே சாய்ந்து நின்றாள். "அம்மா, வேற ஊருக்கு மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டார்."

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கணும்? இந்த ஊர்ல இனிமே அவர் என்ன மூஞ்சியை வெச்சுட்டு வண்டி ஓட்டறது? கூட இருக்கறவங்க ஒண்ணும் சொல்லல. ஆனா இவரால முடியல." மகளின் குரல் தாழ்ந்தது. "டூட்டிக்குக் கூப்பிட்டா முன்னெல்லாம் செருப்பு மாட்டறதுக்குள்ள ஓடுவார். இப்ப வண்டியில ஏறி உக்காந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு அப்படியே இருக்காராம். ஊசி சொன்னான். அப்பா சொன்னது மண்டைக்குள்ளயே ஓடுது போல."

டீச்சர் கத்தியைக் கீழே வைத்தார்.

"நீ அன்னிக்குப் பக்கத்துலயேதான் நின்னே. அப்பா அப்படிப் பேசறப்ப ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம் இல்ல? உன் பேச்சை மட்டும்தான் அவர் கேப்பார்."

டீச்சர் வாசலுக்கு நடந்தார். ஓடும் தைரியம் இல்லாமல், நிற்கவும் முடியாமல் நடப்பது ஒரு மாதிரி நடை. வகுப்பறை வாசலில் பிள்ளைகள் அப்படி நடந்து வருவதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

மாப்பிள்ளை கேட்டுக்கு வெளியே காரில் இருந்தார். அத்தையைக் கண்டதும் இறங்கி நின்றார். மாமனார் மேல் எத்தனை வருத்தம் இருந்தாலும் அந்த மரியாதை போகவில்லை.

"வெயில்ல எதுக்கு வந்தீங்க அத்தை? கால் வேற வலிக்கும்."

"எனக்குக் கால் வலின்னு யார் சொன்னா?"

அவர் கார்க் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"கொக்கியில குளவி கூடு கட்டியிருக்கு அத்தை. மண் கூடு. கொக்கி முழுக்க மூடியிருக்கு. வளையம் மாட்டவே முடியாது."

தெருவில் யாரோ சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"மழைக்கு முன்னாடியே. குகைகிட்ட வண்டி ஒரு தடவை நின்னு போச்சே, தள்ளி விடப் போனப்ப பாத்தேன். உங்களுக்கு இறங்க முடியலன்னு புரிஞ்சுது. மாமாகிட்ட சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு..." அவர் சொல்லக் கூச்சப்பட்டார். "ஞாயித்துக்கிழமை விடியக்காலம், ராத்திரி டூட்டி முடிஞ்சு வர்றப்ப பின்சந்துல வண்டியை நிறுத்திட்டு, பின்கேட் வழியா வந்து நானே ஒரு நடை நடந்து பாத்துடுவேன். தண்டவாளத்தையும் ஒரு துணியால தேய்ச்சு விட்டுட்டுப் போயிடுவேன். அப்புறம் குளிச்சுட்டு முன்வாசல் வழியா வருவேன்."

"கூட்டை ஏன் கலைக்கல?"

"உள்ள குஞ்சு இருந்துச்சு."

பளபளவென்று வந்த சக்கரங்கள் டீச்சரின் கண்முன் ஓடின. வாரா வாரம் அவர் வாங்கி வைத்துக்கொண்ட பாராட்டு இந்த மனிதருடையது. ராத்திரி முழுக்க ஆம்புலன்ஸ் ஓட்டிவிட்டு வந்து, குனிந்து தேய்த்தவருடையது.

"அன்னிக்கு மட்டும்தான் அத்தை நடக்கல. ஒரு கேஸ்ல லேட்டாயிடுச்சு. விருந்தாளிங்க வேற வந்துட்டாங்க. நான் பாக்காத பாதைன்னு தெரிஞ்சும் வண்டியை எடுத்தேன். அதனால தப்பு என்னோடதுதான். மாமா சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு."

இதைக் கேட்கும்வரை, வெட்கம் என்றால் என்னவென்று தனக்குத் தெரியும் என்றுதான் டீச்சர் நினைத்திருந்தார். மாப்பிள்ளை அவரைக் காட்டிக்கொடுக்காததுகூடப் பெரிதில்லை. காட்டிக்கொடுக்க எதுவுமே இல்லை, தன் மேல்தான் தப்பு என்று உண்மையாகவே நம்பிக்கொண்டு ஒரு வாரமாக ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

"மாப்பிள்ளை, அன்னிக்குத் தட்டினது..." என்று ஆரம்பித்தார்.

"டீச்சர்." வீட்டுக்குப் பின்னாலிருந்து பல்காரரின் குரல். "டீச்சர், இங்க கொஞ்சம் வா."

குரல் கீழேயிருந்து வந்தது.

*

கற்படிகளின் மேல் மகள் நின்றுகொண்டிருந்தாள். சரிவின் அடியில், குகைக்கு அப்பால், பல்காரர் மதிலைப் பார்த்து நின்றார்.

"அங்கயே நில்லு, இறங்காத. இங்க ஒரு வேடிக்கை" என்றார் அண்ணாந்து. "அன்னிக்குக் களேபரத்துல நீ வளையத்தை மாட்டாம விட்டுட்டே போல, உன் கொக்கியில குளவி கட்டிடுச்சு. ஒரே வாரத்துல. நாம ஒரு ஞாயித்துக்கிழமை ஓட்டலேன்னா அதுக்குள்ள பங்களா கட்டிடுது பாரு."

கேட்காமலே தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. கணவரே காரணத்தையும் கண்டுபிடித்து, அதற்கு ஒரு சிரிப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட்டைத் தட்டிவிட்டு வளையத்தை மாட்டிவிடுவார். அடுத்த ஞாயிறு முதல் எல்லாம் பழையபடி இருக்கும். மாப்பிள்ளை மட்டும் இருக்கமாட்டார்.

அவர் இறங்கினார்.

முதல் படியிலேயே முழங்கால் மடங்க மறுத்தது. பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, அங்கங்கே புதரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மகள் அம்மா என்று கை நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தார். கீழே பல்காரரின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வாரா வாரம் இந்தப் படிகளில் ஏறி இறங்கும் பெண் இப்படி இறங்கமாட்டாள் என்று அவருக்கும் புரியத் தொடங்கியிருக்க வேண்டும்.

கடைசிப் படியில் டீச்சர் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் முடியவில்லை. பையிலிருந்து வளையத்தை எடுத்து ஒரு பக்கமும், நசுங்கிய கிளிப்பை இன்னொரு பக்கமும் படியில் வைத்தார்.

"அந்தக் கூடு ஒரு வாரக் கூடு இல்லங்க. மழைக்கு முன்னாடியிலேருந்து நான் இங்க இறங்கல. கால் முடியல. வளையம் என் பையிலயேதான் இருந்துச்சு. அதைத்தான் ஒவ்வொரு வாரமும் எடுத்துக் குடுத்தேன்."

பல்காரர் கிளிப்பை எடுத்தார். தொழில் பழக்கத்தில் கண்ணருகே கொண்டுபோய்ப் பள்ளத்தைப் பார்த்தார். கட்டை விரலால் தடவினார்.

"இது?"

"தண்டவாளத்துல கிடந்தது. கொடியிலேருந்து விழுந்திருக்கு. அவர் ஏதோ தட்டுச்சுன்னு சொன்னாரே, இதைத்தான். நீங்க அவரைத் திட்டறப்ப இது என் பையில இருந்துச்சு."

"அம்மா" என்றாள் மேலேயிருந்து மகள். திட்டுவது போலவும் இல்லை, அழுவது போலவும் இல்லை.

"கீழ தண்டவாளம் சுத்தமா இருந்ததும் என்னால இல்ல. அவர்தான் விடியக்காலம் வந்து தேய்ச்சிருக்கார். எனக்கே இப்பதான் தெரியும்."

பல்காரர் மதிலில் சாய்ந்துகொண்டார். டீச்சர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கை மட்டும் தெரிந்தது. பித்தளைத் தகட்டில் மயிரிழை தப்பாமல் அறுக்கும் அந்தக் கை கிளிப்பைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தது.

"கால் வலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றார் கடைசியில்.

"சொல்லியிருந்தா வளையத்தை வேற யார்கிட்டயாவது குடுத்திருப்பீங்க."

டீச்சர் அதைச் சாக்காகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னார். அவ்வளவு சின்னக் காரணம் அது.

*

சொல்லி முடித்ததும் எழுந்து போய்விடலாம் என்று அவர் நினைத்திருந்தார். எழ முடியவில்லை. முழங்கால் இரண்டும் வீங்கி இறுகிவிட்டன. பல்காரர் கைகொடுத்து இழுத்துப் பார்த்தார். அவர் இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மகள் ஓடி வந்து மறுபக்கம் பிடித்தாள். மூன்று பேரும் படியில் சரியப் பார்த்தார்கள்.

மகள் மேலே ஓடினாள்.

வீட்டுக்குள் வரமாட்டேன் என்றவர் வீடு வழியாகவே வந்தார். படிகளில் இறங்கும்போதே சட்டையின் முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். டீச்சர் எதிரில் குந்தி உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களையும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். படியில் கிடந்த வளையத்தையும் மாமனார் கையிலிருந்த கிளிப்பையும் பார்த்தார்.

"அத்தை, உங்க கையை என் தோள் மேல போடுங்க. பாரத்தை என் மேல விட்டுடுங்க. மாமா, நீங்க அந்தப் பக்கம். இடுப்புக்குக் கீழ கை குடுங்க. என் கையைப் பிடிச்சுக்கோங்க. இப்படி இல்ல, மணிக்கட்டை."

பல்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஒருவர் கையை ஒருவர் பிடிக்க, நடுவில் டீச்சர்.

"நான் சொன்னா மட்டும் தூக்கணும். அவசரப்படாதீங்க."

"சரி மாப்பிள்ளை" என்றார் பல்காரர் மெல்ல.

ஒவ்வொரு படியாக ஏறினார்கள். இப்ப, என்று மாப்பிள்ளை சொல்வார். தூக்குவார்கள். நிற்பார்கள். மூச்சு விட்டுக்கோங்க அத்தை, என்பார். டீச்சருக்குத் தன் உடம்பு இவ்வளவு கனம் என்று தெரியாது. கணவரின் மூச்சு ஒரு காதிலும் மாப்பிள்ளையின் மூச்சு இன்னொரு காதிலும் விழுந்தது. யாரைப் பார்த்தாலும் மிகக் கிட்டே முகம் இருந்தது. அதனால் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். அது உண்மையாகவே கண்ணாடி மாதிரி இருந்தது.

சமையலறை நாற்காலியில் உட்கார வைத்ததும் மாப்பிள்ளை குழாயில் கை கழுவினார். பல்காரர் துண்டை எடுத்து நீட்டினார். அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"மாப்பிள்ளை, அன்னிக்கு நான் பேசினது தப்பு. நாக்குல நரம்பில்லாம பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

மாப்பிள்ளை துண்டை மடித்து நாற்காலி முதுகில் போட்டார். அவர் குரலில் கோபம் இல்லை.

"அன்னிக்கு என் கூட வேலை பாக்கறவங்க எல்லாரும் இருந்தாங்க மாமா. இன்னிக்கு நாம மட்டும்தான் இருக்கோம்."

பல்காரர் நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி மடித்தார்.

"அத்தைக்கு நாளைக்கே காலைக் காட்டிடுங்க. தள்ளிப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு, தொப்பியையும் மழைக்கோட்டையும் ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே போனார். மகள் அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவரும் காத்திருப்பாரே என்பது போல அவர் பின்னாலேயே போய்விட்டாள். கார் கிளம்பும் சத்தம் உடனே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. அந்த நேரம் முழுக்க டீச்சர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளை நினைத்துக்கொண்டிருந்தார்.

பல்காரர் செல்போனை எடுத்தார். "அன்னிக்கு வந்தவங்க எல்லாரையும் கூப்பிட்டுடறேன். நான்தானே பேசினது, நானே சொல்லிக்கறேன்."

"நீங்க பேசினதுக்கு நீங்க சொல்லுங்க. நான் பேசாம இருந்ததுக்கு யார் சொல்றது?" டீச்சர் கையை நீட்டினார். "குடுங்க. முதல்ல ஊசி."

அவர் எண்ணைத் தேடிப் போட்டுக் கொடுத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார்.

மறுமுனையில் எடுத்தார்கள். பின்னால் ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளும் ஓசை கேட்டது.

"ஊசி, நான்தான்ப்பா. உன்கிட்ட ஒரு விஷயம் ஒத்துக்கணும்."

ஓசை நின்றது. அவன் ஒரு கதவைச் சாத்திவிட்டு வந்தான் போலிருக்கிறது.

"சொல்லுங்க டீச்சர்" என்றான். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தான்.